மறுத்தது யார்? தரவுத்தளப் பிழைகளும் இயங்குதளக் காவலும்

தரவுத்தள நிர்வாகிகள் அடிக்கடி செய்யும் வேலைகளில் ஒன்று, தரவுக் கோப்புறையை இடம் மாற்றுவது. பழைய வட்டு நிரம்பிவிட்டது. புதிய பெரிய வட்டு வந்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல் சர்வரை நிறுத்தி, கோப்புகளை நகலெடுத்து, உரிமையாளராக மைஎஸ்க்யூஎல் பயனரை வைத்து, அமைப்புக் கோப்பில் புதிய பாதையை எழுதி, மறுபடி இயக்குகிறார்கள். சர்வர் எழவில்லை. லாகைத் திறந்தால் பிழை எண் 13, ‘பெர்மிஷன் டினைடு’ என்று இருக்கிறது. உரிமையாளர் பெயரைப் பார்த்தால் சரி. படிக்க, எழுத அனுமதி இருக்கிறதா என்று பார்த்தால் அதுவும் சரி. பொறுமை இழந்த சிலர் கோப்புறை முழுவதற்கும் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், கொடுத்துப் பார்க்கிறார்கள். அப்போதும் அதே 13.

ரெட்ஹேட் வழிவந்த லினக்ஸில் இது நேர்ந்தால் காரணம் பெரும்பாலும் செலினக்ஸ் என்ற காவல் அமைப்பு. உபுண்டுவில் நேர்ந்தால் ஆப்ஆர்மர். ஆனால் இந்த இரண்டு பெயர்களும் தரவுத்தளத்தின் லாகில் எங்கும் வராது. இந்த வகைப் பிழைகள் ஆட்களை நாள்கணக்கில் அலைக்கழிப்பதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. பிழைக்கான தீர்வு பெரும்பாலும் இரண்டு மூன்று வரிக் கட்டளை. மறுத்தவரைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போன மனு ‘நிராகரிக்கப்பட்டது’ என்ற ஒற்றை முத்திரையோடு திரும்பி வருவதை நினைத்துப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலர் மறுத்தாரா, வருவாய் ஆய்வாளரா, வட்டாட்சியரேதானா என்பது அந்தக் காகிதத்தில் இருக்காது. கர்னல் திருப்பித் தரும் 13 அப்படியொரு முத்திரை. தரவுத்தளம் கோப்பைத் திறக்கச் சொல்லிக் கேட்கிறது. கோரிக்கை கர்னலுக்குள் பல சோதனைகளைக் கடக்கிறது. எந்தச் சோதனையில் தோற்றாலும் வெளியே வருவது ஒரு சிறு முழு எண் மட்டுமே. அந்த எண்ணைத்தான் மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லும் லாகில் எழுதுகின்றன. அவற்றுக்கும் அதைவிட அதிகம் தெரியாது.

எண் சொல்வதும் சொல்லாததும்

எண் முழு உண்மையைச் சொல்லாவிட்டாலும் பாதி வழி காட்டும். முதலில் அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 13 என்றால் இந்தப் பொருளை அணுக உனக்கு உரிமை இல்லை. 1 என்றால் இந்தச் செயலுக்கே அனுமதி இல்லை. 2 என்றால் அப்படியொரு கோப்பே இல்லை. 30 என்றால் கோப்பு முறைமை படிக்க மட்டும். மைஎஸ்க்யூஎல்லோடு வரும் ‘பிஎரர்’ என்ற சிறு நிரலிடம் எண்ணைக் கொடுத்தால் பொருளைச் சொல்லிவிடும்.

1-க்கும் 13-க்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. கோப்பு ஒன்றுக்கு ‘மாற்றக்கூடாது’ என்ற பண்பை யாராவது கொடுத்திருந்தால் ரூட் பயனரே அதில் எழுத முடியாது. அப்போது வருவது 1. வழக்கமான பட்டியல் கட்டளையில் அந்தப் பண்பு தெரியாது. ‘எல்எஸ்ஆட்டர்’ கொண்டு பார்க்க வேண்டும். கன்டெய்னருக்குள் ஒரு சிஸ்டம் கால் தடுக்கப்பட்டாலும் பெரும்பாலும் 1-தான் வரும். 30-ஐப் பார்த்ததும் வட்டு கெட்டுவிட்டது என்று பதறுவது இயல்பு. ஆனால் வட்டு நன்றாக இருக்கும்போதே, சேவைகளை இயக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி, தரவுத்தளச் சேவைக்கு மட்டும் சில கோப்புறைகளைப் படிக்க மட்டுமானவையாகக் காட்டியிருக்கலாம். 2 இன்னும் ஏமாற்றும். கோப்பு கண்ணெதிரே இருக்கும். சர்வரின் கண்ணுக்குத் தெரியாது.

நெட்வொர்க் பக்கத்தில் எண் இன்னும் நேர்மையாகப் பேசும். மைஎஸ்க்யூஎல் வாடிக்கையாளர் நிரல் சர்வரோடு இணைய முடியாதபோது 2003 என்ற பிழையைத் தருகிறது. எல்லோரும் அந்த 2003-ஐப் பார்க்கிறார்கள். செய்தியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்தான் முக்கியம். 111 என்றால் அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க யாரும் இல்லை. 110 என்றால் பதிலே வரவில்லை. ஃபயர்வால் பொட்டலங்களைச் சத்தமில்லாமல் வீழ்த்தும்போது இப்படி ஆகும். 113 வந்தால் ‘சர்வருக்குப் பாதை இல்லை’ என்று செய்தி சொல்லும். ஆனால் ஃபயர்வால்டி ஒரு போர்ட்டை மறுக்கும்போதும் இதே 113-தான் வருகிறது. அதை நம்பி ரௌட்டரைக் கிளறத் தொடங்கியவர்கள் வெகுநேரம் வீணாக்குவார்கள். 13 வந்தாலோ சர்வரை விட்டுவிடலாம். இணைப்புக் கோரிக்கை தன் கணினியை விட்டே வெளியேறவில்லை. பிஎச்பி செயலியிலிருந்து வேறொரு கணினியில் உள்ள தரவுத்தளத்துக்குப் போகும்போது இப்படி வந்தால், அப்பாச்சி வெளியே இணைவதைச் செலினக்ஸ் தடுத்திருக்கிறது. ‘எச்டிடிபிடி கேன் நெட்வொர்க் கனெக்ட் டிபி’ என்ற ஒரு சுவிட்சை நிரந்தரமாக இயக்கினால் தீர்ந்தது. இதற்கு ஒரு கூடுதல் அடையாளமும் உண்டு: தரவுத்தளம் அதே கணினியில் இருந்து, முகவரியாக ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதினால் வேலை செய்யும், 127.0.0.1 என்று எழுதினால் செய்யாது. முதலாவது யூனிக்ஸ் சாக்கெட் கோப்பு வழியாகப் போகிறது. இரண்டாவது டிசிபி வழியாக.

லேபிளின் ஆட்சி

யூனிக்ஸின் பழைய அனுமதி முறை எளிமையானது: உரிமையாளர், குழு, மற்றவர். ஒரு கோப்பை யாருக்குத் திறந்துவிடுவது என்பது அதன் உரிமையாளரின் விருப்பம். ரூட் பயனருக்கு எதுவும் தடையில்லை. இதில் ஒரு நிரல் தாக்குபவரிடம் சிக்கிவிட்டால், அந்த நிரலின் பயனருக்கு உள்ள உரிமையெல்லாம் தாக்குபவருக்கும் கிடைத்துவிடும். இதற்கு மாற்றாக, நிரல் எதைத் தொடலாம் என்பதை மையக் கொள்கை ஒன்றே முடிவு செய்யும் முறையை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை லினக்ஸுக்குள் கொண்டுவந்தது. அதுதான் செலினக்ஸ். 2000 டிசம்பரில் அதன் மூலநிரல் வெளியானது. 2001-ல் கர்னல் உருவாக்குநர்களிடம் அது முன்வைக்கப்பட்டபோது, ஒரே முறையைத் திணிக்காமல் எந்த முறையும் பொருந்தக்கூடிய பொதுச்சட்டகம் வேண்டும் என்று லினஸ் டோர்வால்ட்ஸ் கேட்டார். அந்தச் சட்டகமும் செலினக்ஸும் 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னலில் இடம்பெற்றன. 2005-ல் ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 4 அதைத் தொடக்கத்திலேயே இயக்கி வெளியிட்டது. அன்றிலிருந்து இந்த 13 நிர்வாகிகளைத் தொடர்ந்து வருகிறது.

செலினக்ஸில் ஒவ்வொரு நிரலுக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபிள். மைஎஸ்க்யூஎல் நிரல் ‘மைஎஸ்க்யூஎல்டி-டி’ என்ற வகையில் ஓடுகிறது. அதன் தரவுக் கோப்புகள் ‘மைஎஸ்க்யூஎல்டி-டிபி-டி’ என்ற வகை. முதலாவது இரண்டாவதைத் தொடலாம் என்பது கொள்கை. புதிய வட்டில் புதிதாக உருவாக்கிய கோப்புறைக்கு அந்த லேபிள் எப்படி வரும்? வராது. பொதுவான ஏதோ ஒரு வகையோ, லேபிளே இல்லாத நிலையோ இருக்கும். உரிமையாளரும் 777-உம் இந்தச் சோதனையில் கணக்கிலேயே வருவதில்லை. பழைய அனுமதி முறை சரி என்று சொன்ன பிறகுதான் லேபிள் சோதனையே தொடங்குகிறது.

நகலெடுத்த விதமும் இதில் விளையாடும். ‘எம்வி’ கொண்டு நகர்த்தினால் கோப்பு தன் பழைய லேபிளையே சுமந்துகொண்டு போகும். ‘சிபி’ கொண்டு எளிமையாக நகலெடுத்தால் போய்ச்சேரும் இடத்தின் லேபிளைப் பெறும். வீட்டுக் கோப்புறைக்கு இறக்கி வைத்த பேக்கப்பை எம்வி கொண்டு தரவுக் கோப்புறைக்குள் போட்டு, ஒரே ஒரு அட்டவணை மட்டும் திறக்காமல் தவிப்பது இதனால்தான். ‘ஆர்சிங்க்’ வழக்கமான ஏ விருப்பத்தோடு ஓடினால் லேபிளை எடுத்துச் செல்லாது. அதற்குத் தனியாகப் பெரிய எக்ஸ் விருப்பம் வேண்டும்.

தீர்வு இரண்டு படி. இந்தப் பாதைக்கு இந்த லேபிள் என்று ‘செமேனேஜ்’ கட்டளையால் கொள்கையில் பதிய வேண்டும். பிறகு ‘ரீஸ்டோர்கான்’ ஓட்டி அந்த லேபிளைக் கோப்புகள்மேல் ஒட்ட வேண்டும். முதல் படியைத் தவிர்த்து ‘சிஎச்கான்’ கொண்டு நேராக லேபிளை மாற்றுகிறவர்கள் உண்டு. அன்றைக்கு வேலை செய்யும். ஒரு நாள் யாராவது முழுக் கணினியையும் மறுலேபிளிட்டால் பழையபடி 13 வந்து நிற்கும். மாற்றியவர் அப்போது அந்த நிறுவனத்திலேயே இல்லாமல் இருக்கலாம். போர்ட்டுகளுக்கும் இதே கதை. மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306-உம் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லுக்கு 5432-உம் கொள்கையில் உள்ளன. இரண்டாவது சர்வரை 5433-ல் ஓட்ட முயன்றால், முகவரியில் பொருத்த முடியவில்லை என்று போஸ்ட்கிரெஸ்க்யூஎல் சொல்லும். 1024-க்கு மேற்பட்ட போர்ட்டுக்கு எதற்கு அனுமதி என்று படித்தவர்களே குழம்புவார்கள். அந்தப் போர்ட்டையும் செமேனேஜ் கொண்டு பதிய வேண்டும்.

மறுத்தது செலினக்ஸ்தானா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஆடிட் லாகில் ஒவ்வொரு மறுப்பும் ஏவிசி என்ற பதிவாக விழுகிறது: எந்த நிரல், அதன் வகை என்ன, எந்தக் கோப்பு, அதன் வகை என்ன, செய்ய முயன்றது என்ன. தரவுத்தள லாகில் இல்லாத அத்தனை விவரமும் அங்கே இருக்கிறது. சில மறுப்புகளைப் பதிய வேண்டாம் என்று கொள்கையே சொல்லியிருக்கும்; அவற்றையும் தற்காலிகமாகப் பதியச் செய்ய ‘செமாட்யூல்’ கட்டளையில் வழி உண்டு. இந்தப் பதிவுகளை அப்படியே அனுமதி விதிகளாக மாற்றித் தரும் ‘ஆடிட்-2-அலவ்’ என்ற கருவி பிரபலமானது. அதை எடுத்தவுடன் பயன்படுத்துவதை நான் எதிர்க்கிறேன். லேபிள் தவறாக இருக்கும் கோப்புறைக்காக அதை ஓட்டினால், பொது லேபிள் உள்ள எல்லாக் கோப்புகளையும் தரவுத்தளம் தொடலாம் என்ற விதியை அது எழுதிவிடும். பிழை மறையும், காவலில் ஓட்டை நிரந்தரமாகும்.

பாதையின் ஆட்சி

ஆப்ஆர்மர் லேபிள்களை நம்புவதில்லை, பாதையைப் பார்க்கிறது. இம்யூனிக்ஸ் நிறுவனத்தில் சப்டொமைன் என்ற பெயரில் பிறந்து, 2005-ல் நோவெல் கைக்குப் போய், பிறகு கனோனிக்கலின் பராமரிப்பில் வளர்ந்து, 2010 அக்டோபரில் வந்த 2.6.36 கர்னலில் சேர்ந்தது. உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல் நிறுவும்போதே அதற்கான ப்ரொஃபைலும் வருகிறது. இந்த நிரல் இன்னின்ன பாதைகளைப் படிக்கலாம், இன்னின்னவற்றில் எழுதலாம் என்ற எளிய பட்டியல் அது. கையால் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியது என்பது அதன் பெரிய பலம்.

தரவுக் கோப்புறையை நகர்த்தினால் அந்தப் பட்டியலில் புதிய பாதையைச் சேர்க்க வேண்டும், அல்லது பழைய பாதைக்குப் புதியது மாற்றுப்பெயர் என்று அதற்குரிய கோப்பில் எழுத வேண்டும். பிறகு ஆப்ஆர்மரை மறுபடி ஏற்ற வேண்டும். பழைய இடத்தில் சிம்லிங்க் வைத்துத் தப்பிக்கலாம் என்ற யோசனை பலருக்கு வரும். பலிக்காது. சிம்லிங்க் கடைசியில் எந்த உண்மையான பாதையில் போய் முடிகிறதோ அதைத்தான் ஆப்ஆர்மர் பார்க்கிறது. மறுப்புகள் கர்னல் லாகில் ‘டினைடு’ என்ற சொல்லோடு, ப்ரொஃபைலின் பெயரையும் கேட்ட பாதையையும் தாங்கி வரும்.

இந்த வகையில் எனக்கு மிகவும் பாடம் சொன்ன பிழை, மைஎஸ்க்யூஎல்லிலிருந்து அதன் கிளையான மரியாடிபிக்கு மாறியவர்கள் சந்தித்தது. டெபியன், உபுண்டு பொதிகளில் மரியாடிபியின் ப்ரொஃபைல் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. எனவே ஆப்ஆர்மருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றே யாரும் நினைப்பார்கள். ஆனால் மைஎஸ்க்யூஎல் நீக்கப்பட்ட பிறகும் அதன் பழைய ப்ரொஃபைல் கர்னலின் நினைவில் தங்கிவிடும். அது நிரலின் பாதையைப் பார்த்துப் பிடிப்பதால், அதே பாதையில் வந்து உட்கார்ந்த மரியாடிபியையும் பிடித்துக்கொள்ளும். அப்போது சர்வர் ஒழுங்காக எழும். வினவல்களுக்குப் பதிலும் சொல்லும். தான் தயார் என்று சிஸ்டம்டிக்கு அறிவிக்கும் சாக்கெட்டில் எழுத மட்டும் அதற்கு அனுமதி இராது. அறிவிப்புக்காகக் காத்திருந்த சிஸ்டம்டி, காலக்கெடு முடிந்ததும் சர்வர் எழவே இல்லை என்று முடிவுகட்டி அதைக் கொன்றுவிடும். தரவுத்தள லாகில் எல்லாம் நலம், பிறகு திடீரென ஒழுங்கான நிறுத்தம். சிஸ்டம்டி லாகில் காலக்கெடு முடிந்தது என்ற குறிப்பு. நினைவகம் போதவில்லையா, வட்டு மெதுவா, இன்னோடிபி மீட்பு நீண்டுவிட்டதா என்று எத்தனையோ திசைகளில் போகலாம். கர்னல் லாகின் ஒரு வரியில் விடை கிடக்கிறது. கணினியை மறுதொடக்கம் செய்தாலோ, உரிமையாளரற்ற ப்ரொஃபைல்களை நீக்கும் கட்டளையை ஓட்டினாலோ போதும்.

வீட்டு நிர்வாகத்தின் விதிகள்

சிஸ்டம்டியைப் பாதுகாப்புக் கருவி என்று பலர் எண்ணுவதில்லை. ஆனால் ஒவ்வொரு சேவையையும் தனித்தனி அடைப்புக்குள் வைக்கும் விதிகள் அதில் ஏராளம். மரியாடிபியின் சேவைக் கோப்பில் வீட்டுக் கோப்புறைகளை மறைக்கும் விதியும், இயங்குதளக் கோப்புறைகளைப் படிக்க மட்டுமாக்கும் விதியும் உண்டு. தரவை ‘ஹோம்’ கோப்புறைக்குக் கீழே வைத்தவருக்கு 13 வரும். ‘யூஎஸ்ஆர்’ கீழே வைத்தவருக்கு 30 வரும். தனி டெம்ப் விதி இயங்கும் சேவையில், நாம் டெம்ப் கோப்புறையில் வைத்த கோப்பு சர்வருக்குத் தெரியாது. சர்வர் அங்கே ஏற்றுமதி செய்த கோப்பு நமக்குத் தெரியாது, சிஸ்டம்டி உருவாக்கிய நீளமான பெயருள்ள உள்கோப்புறையில் போய் இருக்கும். மாற்ற வேண்டுமானால் பொதியோடு வந்த சேவைக் கோப்பைத் தொடாமல், ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ மூலம் மேற்சேர்க்கையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கையும் இங்கேதான். பிழை 24 வந்தவுடன் லிமிட்ஸ் கோப்பைத் திருத்துகிறவர்கள், அது உள்நுழையும் பயனர்களுக்கு மட்டுமே, சிஸ்டம்டி சேவைகளுக்கு அது செல்லாது என்பதை அறிய வேண்டும்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஆவணங்கள் தனிப் பகுதி ஒதுக்கி எச்சரிக்கும் ஒரு விதியும் உண்டு: ரிமூவ்ஐபிசி. ஒரு பயனர் முழுவதுமாக வெளியேறியதும் அவர் பெயரில் உள்ள பகிர் நினைவகத்தையும் செமஃபோர்களையும் சிஸ்டம்டி துடைத்துவிடும். நல்ல நோக்கம்தான். ஆனால் தரவுத்தளம் ஓடும் அதே பயனராக நிர்வாகி ஒருவர் உள்ளே வந்து, ஒரு வேலையை முடித்து வெளியேறினால், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் காலடியிலிருந்து நினைவகத் துண்டுகள் காணாமல் போகும். இணையாகப் பிரித்து ஓட்டப்படும் வினவல்கள் தோற்கும். பகிர் நினைவகத் துண்டு இல்லை என்ற செய்தி வரும். யாரோ வெளியேறிய நேரத்துக்கும் பிழை வந்த நேரத்துக்கும் தொடர்பு இருப்பதாக யாருக்குத் தோன்றும்? பொதி உருவாக்கும் கணினிப் பயனர்களுக்கு இந்தத் துடைப்பு நடக்காது. சாதாரணப் பயனராகத் தாங்களே உருவாக்கி, கையால் நிறுவியவர்கள்தான் மாட்டுவார்கள்.

இயங்குதளத்தின் புதிய பதிப்புகள் கதவுகளை ஒவ்வொன்றாக மூடிவருகின்றன. நேற்றுவரை ஓடிய ஸ்கிரிப்ட் இன்று தோற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். உபுண்டு 21.04 முதல் புதிய பயனர்களின் வீட்டுக் கோப்புறை 750 அனுமதியோடு உருவாகிறது. அதற்கு முன் 755. அந்தக் கோப்புறையில் உள்ள சிஎஸ்வி கோப்பைப் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் காப்பி கட்டளையால் ஏற்றிவந்தவர்களுக்கு அதனால் 13 வந்தது. கோப்பின் அனுமதியை மட்டும் பார்த்தால் புரியாது. ரூட் கோப்புறையிலிருந்து கோப்பு வரை ஒவ்வொரு கோப்புறையின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும் ‘நேம்ஐ’ கட்டளை இங்கே கைகொடுக்கும். அதேபோல 2019-ல் வந்த சிஸ்டம்டி 241 ஒரு கர்னல் பாதுகாப்பை இயக்கியது: டெம்ப் போன்ற பொதுக் கோப்புறையில் வேறொருவருக்குச் சொந்தமான கோப்பில், ஷெல்லின் திசைதிருப்பல் குறியால் ரூட்கூட எழுத முடியாது. மைஎஸ்க்யூஎல் பயனர் உருவாக்கிய டெம்ப் லாகில் ரூட்டாக ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் எழுத முயன்றால் தோற்கும். ரூட்டுக்கே மறுப்பு என்றால் யாருக்கும் தலை சுற்றும்.

சிஐஎஸ் போன்ற கடினப்படுத்தல் வழிகாட்டிகளைப் பின்பற்றி டெம்ப் கோப்புறையில் நிரல் ஓடாதபடி ஏற்றுவதும் வழக்கம். எலாஸ்டிக்சர்ச், கசாண்ட்ரா போன்ற ஜாவா சர்வர்கள் தம் நேட்டிவ் நூலகத்தை டெம்ப்பில் விரித்து ஏற்றுபவை. அங்கே ஓட அனுமதியில்லாததால் எழும்போதே விழும். தரவுத்தளத்துக்கு மட்டும் வேறொரு தற்காலிகக் கோப்புறையைக் காட்டினால் போதும். கடினப்படுத்தலைக் கைவிட வேண்டியதில்லை.

குறியாக்கம், கன்டெய்னர், விண்டோஸ், மேக்

2019-ல் வந்த ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8, கணினி முழுவதற்கும் ஒரே குறியாக்கக் கொள்கையை வைத்தது. டிஎல்எஸ் 1.0-உம் 1.1-உம் இயல்பாகவே மூடப்பட்டன. பழைய தரவுத்தளங்களோடும் பழைய வாடிக்கையாளர் நிரல்களோடும் இணைப்பு முறிந்தது; கடவுச்சொல், ஃபயர்வால் எல்லாம் சரியாக இருந்தும் கைகுலுக்கலிலேயே தோல்வி. கொள்கையை ‘லெகசி’க்கு இறக்கினால் இணைப்பு வரும். அது கணினியில் உள்ள எல்லா நிரல்களுக்கும் தளர்வு என்பதால், எதிர்முனையைப் புதுப்பிக்கும் வரையிலான தற்காலிக வழியாகவே அதைக் கொள்ள வேண்டும். அமெரிக்க அரசுத் தரமான ஃபிப்ஸ் முறை இயங்கும் கணினியில் எம்டி5 தடைசெய்யப்படுகிறது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் எம்டி5 கடவுச்சொற்களை வைத்திருந்தவர்கள் அப்போது உள்ளே நுழைய முடியாது. பதிப்பு 10-லேயே ஸ்கிராம் முறை வந்துவிட்டது, 14-ல் அதுவே இயல்பாகவும் ஆகிவிட்டது.

கன்டெய்னரில் தரவுக் கோப்புறையை வெளியிலிருந்து இணைத்தால் செலினக்ஸ் லேபிள் பிரச்சினை மறுபடி வரும்; வால்யூம் பெயருக்குப் பின்னால் இசட் குறி சேர்த்தால் டாக்கரும் பாட்மனும் லேபிளை மாற்றித் தரும். அந்தக் குறியை வீட்டுக் கோப்புறை முழுவதற்கும் கொடுத்தால் கணினியே நிலைகுலையும். சிஸ்டம் கால்களைத் தடுக்கும் செக்காம்ப் வடிகட்டி இன்னொரு சோதனை. மரியாடிபி 10.6 முதல் ஐஓ-யூரிங் என்ற வேகமான உள்ளீட்டு முறையைப் பயன்படுத்துகிறது. அதே முறை கர்னல் ஓட்டைகளுக்கும் பேர்போனது; தங்கள் பரிசுத் திட்டத்துக்கு வந்த கர்னல் தாக்குதல்களில் 60 சதவீதம் அதைப் பயன்படுத்தியவை என்று கூகுள் 2023-ல் சொன்னது. டாக்கர் அதை இயல்பாகத் தடுக்கத் தொடங்கியது. மரியாடிபி அப்போது லாகில் எச்சரித்துவிட்டு வேறு முறைக்கு இறங்கும். சர்வர் ஓடும், எண் 1-ஐப் பார்த்துத் தரவு கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம்.

விண்டோஸில் 13-க்குப் பதில் 5. எஸ்க்யூஎல் சர்வர் பேக்கப் எடுக்க முடியாமல் 3201 பிழை தரும்போது உள்ளே ‘இயங்குதளப் பிழை 5’ இருக்கும். நிர்வாகி தன் கணக்கில் அந்தக் கோப்புறையைத் திறந்து பார்த்து, எனக்கு அனுமதி இருக்கிறதே என்பார். எழுதப்போவது அவர் அல்ல, சேவைக் கணக்கு. நெட்வொர்க் பகிர்வில் எழுதும்போது அந்த மெய்நிகர்க் கணக்கு கணினியின் பெயரிலேயே போய் நிற்கும் என்பதால், அனுமதியையும் கணினிக் கணக்குக்கே கொடுக்க வேண்டும். பிழை 32 வந்தால் வேறொருவர் கோப்பைப் பிடித்திருக்கிறார், பெரும்பாலும் ஆன்டிவைரஸ். தரவுக் கோப்புகளை அதன் சோதனையிலிருந்து விலக்கச் சொல்லி மைக்ரோசாஃப்டே பரிந்துரைக்கிறது. 2017-ல் விண்டோஸ் 10-க்கு வந்த கட்டுப்படுத்தப்பட்ட கோப்புறைக் காவலும் எழுதுவதைத் தடுக்கும். டிஃபெண்டர் லாகில் 1123 என்ற நிகழ்வாக அது பதிகிறது. மேக்கில் 2019-ன் கேட்டலினா முதல் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் காவலுக்குள் வந்துவிட்டன. அங்கிருந்து படிக்கப் போகும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லுக்கு அனுமதிகள் சரியாக இருந்தாலும் மறுப்புக் கிடைக்கும்.

கையால் ஓட்டிப் பார்ப்பது

மறுத்தவரைக் கண்டுபிடிக்க நான் மிகவும் மதிக்கும் ஒரு சோதனை உண்டு. தரவுத்தள நிரலைச் சேவையாக அல்லாமல், தரவுத்தளப் பயனராக மாறி, ஷெல்லிலிருந்து கையால் இயக்கிப் பாருங்கள். ரூட்டாக இயக்கக் கூடாது. ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகள் உருவாகிப் புதிய 13-களுக்கு வழிவகுக்கும். கையால் இயக்கும்போதும் தோற்றால், பழைய அனுமதி முறையோ ஆப்ஆர்மரோ காரணம். ஆப்ஆர்மர் பாதையைப் பார்த்துப் பிடிப்பதால் யார் இயக்கினாலும் விடாது. கையால் ஓடி, சேவையாகத் தோற்றால், செலினக்ஸ் அல்லது சிஸ்டம்டியின் அடைப்பு. ஷெல்லிலிருந்து இயங்கும் நிரல் வழக்கமாகக் கட்டற்ற வகையிலேயே தொடர்கிறது. சிஸ்டம்டி இயக்கும்போதுதான் தரவுத்தளத்துக்குரிய வகைக்கு மாறுகிறது. இனி ஆடிட் லாகில் அந்த நேரத்து ஏவிசி பதிவு இருக்கிறதா என்று பார்த்தால் இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும்.

செலினக்ஸை, மறுக்காமல் பதிவு மட்டும் செய்யும் அனுமதி நிலைக்கு மாற்றிப் பார்ப்பதும் சோதனைதான். ஆனால் சோதனையாக மட்டும். கணினி முழுவதையும் மாற்றத் தேவையில்லை. மைஎஸ்க்யூஎல்லின் வகையை மட்டும் அனுமதி நிலையில் வைக்கச் செமேனேஜில் வழி இருக்கிறது. எத்தனையோ மென்பொருள்களின் நிறுவல் வழிகாட்டிகளில் முதல் படியே ‘செலினக்ஸை அணைக்கவும்’ என்றிருப்பதைக் காணும்போது எனக்கு வருத்தமும் கோபமும் வருகின்றன. ரெட்ஹேட்டின் டான் வால்ஷ் இதற்கு எதிராகப் பல ஆண்டுகள் பிரசாரமே செய்தார். அணைப்பதால் இழப்பது என்ன என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஒரு வலைத்தளத்தில் எஸ்க்யூஎல் ஊடுருவல் ஓட்டை இருக்கிறது; தாக்குபவர் வினவலின் விடையைக் கோப்பாக எழுதும் கட்டளை மூலம் வலைக் கோப்புறைக்குள் ஒரு பிஎச்பி நிரலை வைக்கப் பார்க்கிறார். யாரோ அவசரத்தில் கொடுத்த 777 அதற்கு வழிவிடுகிறது. செலினக்ஸ் இயங்கினால், தரவுத்தள வகை வலைக் கோப்பு வகையில் எழுத முடியாது. ஒரு மாதம் முன்பு நிர்வாகியை எரிச்சலூட்டிய அதே 13, இன்றைக்குத் தாக்குபவரின் திரையில் வருகிறது.

எல்லாத் தாக்குதலையும் இது நிறுத்தும் என்று சொல்ல முடியாது. 2016 செப்டம்பரில் டாவிட் கோலுன்ஸ்கி வெளியிட்ட சிவிஇ-2016-6662 ஓட்டையில், மைஎஸ்க்யூஎல்லின் லாக் எழுதும் வசதியைக் கொண்டே அமைப்புக் கோப்பை மாற்றி, மறுதொடக்கத்தின்போது ரூட் உரிமை பெறலாம் என்று காட்டினார். செலினக்ஸ், ஆப்ஆர்மர் இரண்டின் இயல்பான கொள்கைகள் இயங்கினாலும் அது பலிக்கும் என்றும் எழுதினார். கொள்கை எவ்வளவு தளர்வாக எழுதப்பட்டிருக்கிறதோ அவ்வளவுதான் காவல்.

தரவுத்தளம் எழுதுகிறவர்களிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் காப்பி கட்டளை கோப்பைத் திறக்க முடியாமல் தோற்றால், இந்தக் கோப்பைப் படிப்பது சர்வர் நிரல், உங்கள் பக்கத்திலிருந்து படிக்க வேண்டுமானால் பிஎஸ்க்யூஎல்லின் காப்பியைப் பயன்படுத்துங்கள் என்று ஒரு குறிப்பையும் சேர்த்துத் தருகிறது. அந்த ஒரு வரி பலரின் குழப்பத்தைத் தீர்க்கக்கூடியது. அதே அக்கறையை 13-க்கும் காட்டலாம். தான் எந்தச் செலினக்ஸ் வகையில், எந்த ஆப்ஆர்மர் ப்ரொஃபைலில் ஓடுகிறேன் என்பதை ‘ப்ராக்’ கோப்புமுறையில் தனக்குரிய ஒரு கோப்பைப் படித்து எந்த நிரலும் தெரிந்துகொள்ள முடியும். சர்வர் எழும்போதே அதை லாகில் ஒரு வரியாக எழுதிவைத்து, 13 வரும் இடத்தில் ‘ஆடிட் லாகையும் பாருங்கள்’ என்று சேர்த்தால் போதும். 777 கொடுப்பதற்கு முன் நிர்வாகி சரியான லாகைத் திறந்திருப்பார்.